கிறான்பெரி என்னும் புளிப்புக் கனி

கனி என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே தமிழர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவது இனிமையாகும். மாவும் பலாவும் வாழையும் பழகிய நாவிற்கு அஃது இயல்பே. ஆயினும், வாயிலிட்ட மாத்திரத்தே முகத்தைச் சுளிக்கச் செய்யும் கனியொன்று இன்று பல நாடுகளிலும் உணவாகவும், ஓரளவுக்கு மருந்தாகவும் விற்கப்பட்டு வருகின்றது. அதுவே கிறான்பெரி. கொழும்பிலுள்ள பெரிய அங்காடிகளில் உலர்த்திய செந்நிறத் துண்டுகளாகவும், போத்தலில் அடைத்த சாறாகவும் இதனைக் கண்ட நேயர்கள் இருப்பர். கனடாவிலிருந்து வந்த உறவினரின் பெட்டிக்குள் கண்டோரும் இருப்பர். சிறுநீர் நோய்க்கு நல்லதென்றும், விற்றமின் நிறைந்ததென்றும் சொல்லியே அது கொடுக்கப்பட்டிருக்கும். அச்சொல் எந்த அளவிற்கு உண்மை, அக்கனியைச் சமைக்கும் முறை யாது என்னும் இரு வினாக்களும் வெவ்வேறு போலத் தோன்றினும், உண்மையில் ஒன்றோடொன்று பிணைந்தவையே. கனியின் புளிப்பை மறைப்பதற்கு எவ்வளவு சீனி இடப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அதனால் வரும் நன்மையும் அமைகின்றது.

கிறான்பெரி வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரிய செடி. மரமன்று, நிலத்தோடு படர்ந்து செல்லும் கொடி. இலைகள் சிறியன, ஆண்டு முழுவதும் உதிராது நிற்பன. குளிர்ந்த நாட்டின் சதுப்பு நிலமும், புளிப்புத் தன்மையுடைய மண்ணும், மணலும், தாராளமான நீரும் இதற்கு வேண்டும். யூன் மாத அளவிற் பூத்து, செத்தெம்பர் நடுப்பகுதி தொடக்கம் நவெம்பர் முற்பகுதி வரை கனி தரும். இலங்கையின் வெப்பநிலத்தில் இது வளருமோ என்று வினவுவோர் உண்டு. குளிர்காலத்தின் நீண்ட உறக்கமின்றி இக்கொடி பூப்பதில்லை. ஆதலின் அந்த ஆசையை விட்டுவிடுதலே நன்று.

ஐரோப்பியர் அமெரிக்காவில் வந்திறங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே அந்நிலத்தின் பழங்குடி மக்கள் இக்கனியை அறிந்திருந்தனர். மசச்சூசெற்ஸ் கரையோரத்து வாம்பனோக் மக்கள் இதனைச் சதுப்பு நிலங்களிலிருந்து பறித்து உண்டனர். சாயமாகவும் காயத்துக்கு மருந்தாகவும் பயன்படுத்தினர். உலர்ந்த இறைச்சியை இடித்து, உருக்கிய கொழுப்பும் காட்டுக் கனிகளும் சேர்த்துப் பிசைந்து, நெடும்பயணங்களுக்குரிய கட்டுச்சோறு போன்றதோர் உணவைப் பழங்குடியினர் செய்துகொள்வர். பெமிக்கன் என்பது அதன் பெயர். கிறான்பெரி விளையும் இடங்களில் அக்கனியும் அதிற் சேர்ந்தது. சீனி பரவாத காலத்து மக்கள் அதனை இறைச்சியோடும் கொழுப்போடும் சேர்த்தனர் என்பது கருதத்தக்கது. ஊனின் கொழுப்புக்குப் புளிப்பைத் துணையாக்கும் அறிவு எந்தச் சமையலறைக்கும் பொதுவானதே. மீன்கறிக்குக் கொறுக்காய்ப்புளி இடுகின்ற கை, பெமிக்கன் செய்த கையை வேற்றுக் கையாகக் கருதாது.

பின்வந்த குடியேறிகள் அச்செடியின் பூவை நோக்கினர். வளைந்த காம்பும் பின்னோக்கி மடிந்த இதழும் கூர்ந்த நடுப்பகுதியும் கொக்கின் கழுத்தையும் அலகையும் ஒத்திருந்தமையாற் கொக்குக்கனி என்னும் பொருள்பட அவர்கள் வழங்கிய பெயரே கிறான்பெரி ஆயிற்று என்பர்.

இக்கனியைக் காட்டிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவந்தது காற்று என்றே சொல்லலாம். மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேப் கொட் தீபகற்பத்தில் டெனிஸ் என்னும் ஊரில் வாழ்ந்த ஹென்றி ஹோல் என்பவர், அமெரிக்க விடுதலைப் போரிலே பணிபுரிந்தவர். அவருடைய நிலத்திற் காட்டுக் கொடிகள் இருந்தன. கடற்காற்று மணலை வாரிக் கொடிகளின்மேல் இறைத்தது. கொடி அழிந்துபோகும் என்று எவரும் நினைப்பர். மணல் மூடிய இடத்திற்றான் கொடி செழித்தது. அதனைக் கண்ட ஹோல் தாமே மணலிட்டுப் பயிர்செய்யத் தொடங்கியது 1816 ஆம் ஆண்டளவிலாகும். இன்றுங்கூட மசச்சூசெற்ஸ் கமக்காரர் சில ஆண்டுகளுக்கொருமுறை வயலுக்கு மணலிடுகின்றனர். அதற்கு அவர்கள் கையாளும் உபாயம் வியக்கத்தக்கது. குளிர்காலத்தில் வயலுக்கு நீர் பாய்ச்சுவர். நீர் உறைந்து பனிக்கட்டியாகும். கட்டியின்மேல் மணலைப் பரப்புவர். இளவேனிலிற் பனிக்கட்டி உருகும்போது மணல் தானே மெல்ல இறங்கிக் கொடிகளின்மேற் படியும்.

அறுவடையிலும் நீரே பெருந்துணை. ஒவ்வொரு கனியின் உள்ளும் நான்கு சிறு காற்றறைகள் உள்ளன. ஆதலின் கனி நீரில் மிதக்கும். வயலுக்கு நீர் கட்டி, முட்டை அடிக்கும் கருவியைப் பெரிதாக்கினாற் போன்ற சுழலும் பொறியைச் செலுத்தினால், கனிகள் கொடியினின்று கழன்று மேலே வரும். வயல் முழுவதும் செங்கம்பளம் விரித்தது போலக் காட்சி தரும். அமெரிக்காவில் விளையும் கனியிற் பெரும்பகுதி இவ்வாறே சேர்க்கப்பட்டுச் சாற்றுக்கும் குழம்புக்கும் உலர்த்துவதற்கும் செல்கின்றது. பச்சையாக விற்கப்படும் சிறுபகுதியை நீர் கட்டாது, உலர்ந்த வயலிற் கோதியெடுப்பர். நல்ல கனியை அறிய ஓர் எளிய வழி, அதனைக் கீழே போட்டுப் பார்ப்பதாகும். உறுதியான கனி பந்து போலத் துள்ளும். அழுகியது விழுந்த இடத்திற் கிடக்கும். கனிகளைத் துள்ளவிட்டுத் தெரிந்தெடுக்கும் பொறிகளும் உண்டு.

இன்று பொறி செய்யும் இவ்வேலையை முன்னாளிற் கைகள் செய்தன. அக்கைகளிற் பல சிறுவருடைய கைகள். 1910, 1911 ஆம் ஆண்டுகளில் லூயிஸ் ஹைன் என்னும் புகைப்படக்காரர், சிறுவர் தொழிலை எதிர்த்த தேசியக் குழுவொன்றின் பொருட்டு, நியூ ஜேர்சியிலும் மசச்சூசெற்சிலும் கிறான்பெரி வயல்களுக்குச் சென்று படமெடுத்தார். தலைக்கு மேலே பெட்டி சுமந்து நிற்கும் எட்டு வயது, பத்து வயதுச் சிறுவர் அப்படங்களிலே காணப்படுகின்றனர். 1910 செத்தெம்பர் 28 இல் நியூ ஜேர்சியில் எடுத்த படத்தின் கீழ் அவர் எழுதிவைத்த குறிப்பொன்று, பாடசாலை தொடங்கி நான்காவது வாரமாகிவிட்டது, இக்குடும்பங்களோ இன்னும் இரண்டு வாரம் இங்கு தங்கவிருக்கின்றன எனக் கூறுகின்றது. வகுப்பறையில் ஆறு வாரம் வெறுமையாய்க் கிடந்த அவ்விருக்கைகளை நினையாமல், நன்றி நவில் நாள் விருந்திலே பளபளத்த அச்செங்குழம்பின் கதையைச் சொல்ல இயலாது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நவெம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமையும், கனடாவில் ஒற்றோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமையும் நன்றி நவில் நாளாகும். வான்கோழியைச் சுட்டு, அருகிலே கிறான்பெரிக் குழம்பு வைத்தல் மரபு. 1912 இல் மார்க்கஸ் யூரன் என்னும் சட்டத்தரணி, தம் தோட்டத்துக் கனியைக் குழம்பாக்கித் தகரத்தில் அடைக்கத் தொடங்கினார். 1930 இல் அவருடைய நிறுவனமும் வேறு இரண்டும் இணைந்து கமக்காரரின் கூட்டுறவு நிறுவனம் ஒன்றாயின. எனினும் கனிக்கு ஆண்டில் ஒரே விருந்துக் காலமே சந்தையாக இருந்தது.

அந்த ஒற்றைச் சந்தை ஒரே நாளில் ஆட்டங்கண்டது. 1959 நவெம்பர் 9 இல், விருந்து நாளுக்குப் பதினேழு நாளே இருக்கையில், அமெரிக்கச் சுகாதாரத் துறைச் செயலாளர் ஆர்தர் பிளெமிங் ஓர் அறிவித்தல் செய்தார். மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன், ஒறிகன் மாநிலங்களில் விளைந்த கனியில் ஒரு பகுதி அமினோதிரையசோல் என்னும் களைகொல்லியால் மாசுற்றிருக்கின்றது. அம்மருந்து எலிகளின் தைரொயிட்டுச் சுரப்பியிற் புற்றுநோய் உண்டாக்கியது. எனவே தன் கையிலுள்ள கனி எங்கு விளைந்தது என்று அறியாதவர் அதனை வாங்காதிருப்பதே நலம். இதுவே செய்தியின் சாரம். கடைகள் கனியைத் தட்டுகளிலிருந்து அகற்றின. சனாதிபதியின் இல்லத்து விருந்திலே அவ்வாண்டு கிறான்பெரிக்குப் பதிலாக அப்பிள் குழம்பு வைக்கப்பட்டது. தேர்தலை நோக்கியிருந்த நிக்சனும் கென்னடியும் விஸ்கொன்சின் மாநிலத்தில் மக்கள் முன்னிலையில் ஒருவர் கனியை உண்டும், மற்றவர் சாற்றைப் பருகியும் காட்டினர். நச்சுக் கலவாத கனியை விளைவித்த கமக்காரரும் சேர்ந்தே நட்டமடைந்தனர். பின்னர் அரசு அவர்களுக்கு இழப்பீடு வழங்கியது. அச்செய்கை மிகையென்று அன்று பலர் ஏசினர். எலிக்கு ஊட்டிய அளவிற்கும் மனிதர் உண்ணும் அளவிற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் எடுத்துக்காட்டினர். எனினும், உண்பவன் அறிதற்குரியதை மறைப்பதைவிட உரைத்தலே அரசின் கடன் என்னும் கொள்கைக்கு அந்நிகழ்ச்சி ஒரு தொடக்கமாயிற்று.

அந்த அடிக்குப் பின்னரே கமக்காரர், விருந்து நாளை மாத்திரம் நம்பாது, ஆண்டு முழுவதும் விற்கத்தக்க சாற்றில் நாட்டம் கொண்டனர். கிறான்பெரியின் தூய சாறு பருகுதற்கு அரியது. ஆகவே நீரும் சீனியும் பெருமளவிற் கலக்க வேண்டியதாயிற்று. கடைச்சாறு பலவற்றில் உண்மையான கிறான்பெரிச் சாறு நூற்றுக்கு முப்பது பங்குக்கும் குறைவே. இருநூற்று நாற்பது மில்லிலீற்றர் கொண்ட ஒரு குவளையில் ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் வரை சீனி இருக்கும். அஃதாவது ஆறேழு தேக்கரண்டி. போத்தலின் மேற்புறத்தே கனியின் படம் பெரிதாக இருக்கும். சீனியின் அளவு பின்புறத்திலே சிற்றெழுத்தில் இருக்கும். படத்தைப் பார்ப்பதிலும் சிற்றெழுத்தைப் படித்தல் பயனுடையது.

இனி, கனியின் சத்தைப் பற்றிய கணக்கு. நூறு கிராம் பச்சைக் கனியில் 87 கிராம் வரை நீரே. சீனி 4 கிராம் அளவு; நார்ப்பொருளும் ஏறத்தாழ அவ்வளவே; கலோரி ஏறக்குறைய 46; விற்றமின் சி 14 மில்லிகிராம். உலர்த்தி இனிப்பூட்டிய கனியிலோ கலோரி முந்நூற்றைக் கடக்கும். எடையில் மூன்றில் இரண்டு பங்கும் அதற்கு மேலும் சீனி. விற்றமின் சி இல்லையென்றே சொல்லிவிடலாம். பச்சைக் கனியிலுங்கூட அது பெரிதன்று. தோடம்பழத்தின் நூறு கிராமில் ஐம்பது மில்லிகிராமும், கொய்யாவில் இருநூற்றுக்கு மேலும் உண்டு. விற்றமினுக்காகக் கிறான்பெரியைத் தேடும் ஒருவர், வீட்டுக் கொல்லையிற் கொய்யா உதிர்ந்து கிடக்கக் கடல் கடந்து பொருள் கொடுக்கின்றார் என்பதே உண்மை.

அவ்வாறாயின் இக்கனியின் சிறப்பு எங்கே? அதன் துவர்ப்பிலே. துவர்ப்பைத் தருவனவாகிய புரோஅந்தோசயனிடின் என்னும் சேர்வைகளில் ஒரு தனிவகை கிறான்பெரியில் மிகுந்துள்ளது. சிறுநீர்ப் பாதையில் அழற்சி உண்டாக்கும் பற்றீரியாக்களுள் ஈ. கோலை முதன்மையானது. அது முதலிற் பாதையின் சுவரிலே பற்றிக்கொள்ளல் வேண்டும். அன்றேல் சிறுநீரோடு அடித்துச் செல்லப்படும். சிறுநீரைப் புளிப்பாக்கி இக்கனி அந்நுண்ணங்கியைக் கொல்கின்றது என்று முன்னாளில் எண்ணினர். 1980 களிலிருந்து நடந்த ஆய்வுகளோ, கொல்வதன்று, பற்றவிடாது தடுப்பதே அதன் செயல் எனக் கருத இடந்தந்தன. 1994 இல் பொஸ்ரனில் முதிய பெண்கள் 153 பேரிடையே நடந்த ஆய்வில், நாள்தோறும் 300 மில்லிலீற்றர் சாறு பருகியோரிடம் சிறுநீரிற் பற்றீரியாவும் சீழணுக்களும் காணப்படும் வாய்ப்பு பாதிக்கும் குறைந்தது.

அதனால் வழக்குத் தீரவில்லை. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு, 2012 இல் 24 ஆய்வுகளை நோக்கி, குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றது. அதே அமைப்பு 2023 இல் 50 ஆய்வுகளை நோக்கித் தன் முடிவை மாற்றியது. அடிக்கடி இந்நோய் வரும் பெண்களுக்கும், சிறுவர்க்கும், சில மருத்துவச் செய்கைகளின் பின் நோய்க்கு ஆளாகக்கூடியவர்க்கும் கிறான்பெரி நோய் வருவதைக் குறைக்கின்றது என்றும், பராமரிப்பு இல்லங்களில் வாழும் முதியோர்க்கும் கருவுற்ற பெண்களுக்கும் அவ்வாறு பயன் தருவதாகத் தெரியவில்லை என்றும் கூறியது. சான்று பெருகப் பெருகத் தீர்ப்பை மாற்றிக்கொள்வது அறிவியலுக்கு இழுக்கன்று. அதுவே அதன் நேர்மை.

இங்கே இரண்டினை அழுத்திச் சொல்லவேண்டும். வருமுன் தடுப்பது வேறு, வந்ததைத் தீர்ப்பது வேறு. எரிவும் காய்ச்சலும் முதுகு நோவும் தோன்றியபின் சாற்றை நம்பி வீட்டிலிருப்பவர், நோய் சிறுநீரகம் வரை ஏற இடங்கொடுக்கின்றார். அவர் செல்லவேண்டிய இடம் வைத்தியசாலை. இரண்டாவது, அவ்வாய்வுகள் அளவிட்ட சாற்றையும் மாத்திரையையும் கொண்டு நடந்தவை. குழம்பையோ அச்சாற்றையோ கொண்டல்ல. நீரிழிவு உடையோர் இனிப்பூட்டிய சாற்றை மருந்தென்று பருகுதல் ஒரு துன்பத்தை அஞ்சி மற்றொன்றை அழைப்பதாகும். குருதி உறையாதிருக்க வார்பரின் என்னும் மருந்தை உட்கொள்வோரும், சிறுநீரகக் கல் உடையோரும் வைத்தியரைக் கேளாது இக்கனியைப் பெருமளவில் உண்ணலாகாது.

சமையலுக்கு வருவோம். வழக்கமான குழம்பு மிக எளிது. பன்னிரண்டு அவுன்சு, அஃதாவது 340 கிராம் கனிக்கு ஒரு கோப்பை நீரும் ஒரு கோப்பை சீனியும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கனிகள் படபடவென்று வெடிக்கும். இறக்கும்போது நீர்த்திருக்கும், அதைக் கண்டு மேலும் காய்ச்சக்கூடாது. கனியிலுள்ள பெக்ரின் என்னும் பொருள் ஆற ஆறத் தானே இறுகச் செய்யும். ஒரு துண்டு கறுவாவும் தோடம்பழத் தோலும் இட்டால் சீனியைக் குறைக்கலாம். ஒரு சிட்டிகை உப்பு கசப்பை அடக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது; புளிப்பு அதனை அரிக்கும். அப்பச் சோடா மிகுதியாகச் சேர்ந்த மாவிலே கனியைச் சுற்றி நீலமோ பச்சையோ படர்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கனியின் செந்நிறம் காரத்தில் அவ்வாறு மாறுவது இயல்பு.

எவ்வளவு குறைத்தாலும் அக்குழம்பு சீனியிற் செய்ததே. ஆனால் றொறன்ரோவிலும் மொன்றியலிலும் உள்ள சில தமிழ் இல்லங்களில் இக்கனிக்கு வேறோர் வாழ்வு கிடைத்திருக்கின்றது. கியூபெக் மாகாணம் கிறான்பெரி மிகுதியாக விளையும் இடம். இலையுதிர் காலத்திற் பச்சைக் கனி கடைகளிலே குவியும். அதனைப் பழமாகக் கொண்டவர்க்குச் சீனி வேண்டும். புளியாகக் கொண்டவர்க்கு வேண்டியதில்லை. இவ்வில்லத்தரசிகள் அதனைப் புளியாகவே கொண்டனர். கனியை இரண்டாக வெட்டி, நல்லெண்ணெயிற் கடுகு தாளித்து, மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் இட்டு, கனி மசிந்து எண்ணெய் பிரியும்வரை வதக்கி, வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும் தூவி இறக்கினால் அச்சாறாகும். எலுமிச்சை ஊறுகாய்க்கு நாட்கணக்கிற் காத்திருக்க வேண்டும்; இது கால்மணி நேரத்தில் ஆயிற்று. உப்பும் உறைப்பும் புளிப்பைத் தாங்கிக்கொள்வதால் சீனியின் தேவையே எழுவதில்லை. அச்சாற்றில் உப்பு மிகும் என்பதையும் மறக்கலாகாது. குருதியமுக்கம் உடையோர்க்குச் சிறிதளவே தக்கது.

அதனினும் நல்லது பருப்புக்கறி. மைசூர்ப் பருப்பை முதலில் நன்றாக அவித்துக்கொள்ள வேண்டும். புளிப்பு முன்னரே சேர்ந்தாற் பருப்பு வேகத் தாமதிக்கும். வெந்தபின் ஒரு கைப்பிடி கனியை இட்டு, அவை வெடிக்கும்வரை ஐந்து நிமிடம் வைத்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டலாம். தேங்காய்ப்பால் சேர்ப்பதாயின் இறுதியில் விட்டு, கொதி வருமுன் இறக்குதல் வேண்டும். அன்றேல் பால் திரியும். இம்முறையிற் கனியின் நாரும் துவர்ப்பும் சீனியின் துணையின்றியே வாய்க்கு வருகின்றன.

உலர்ந்த கனியை இவற்றுக்குப் பயன்படுத்த இயலாது; அது முன்னரே சீனியில் ஊறியது. முந்திரிகை வற்றல் இடும் இடத்தில், புளிப்பு வேண்டுமாயின், அதனைச் சிறிது இடலாம். இலங்கையில் அதன் விலையை நோக்கின் முந்திரிகை வற்றலே போதும். கனடாவிலுள்ளோர் பச்சைக் கனியை ஒற்றோபர் முதல் திசெம்பர் வரை மலிவாக வாங்கி, கழுவாமல் உறைபெட்டியில் வைத்தால் ஓராண்டு வரை கெடாது. சமைக்கும்போது கழுவி, உருக விடாமல் அப்படியே சட்டியில் இடலாம். உருகியபின் வெட்டினாற் குழைந்துவிடும்.